பஞ்சர் அக்கா நீந்தக் கற்ற பத்து நாள்

நாமக்கல்லிலிருந்து மோகனூர் போகிற ரோட்டில் உங்கள் வண்டி பஞ்சரானால் கவலைப்படாதீர்கள். கொஞ்ச தூரம் தள்ளிக்கொண்டு போனால் ஒரு புங்கமரம் வரும். மரத்தில் ஒரு லாரி டயர் தொங்கும். அதன் அடியில், சேலைக்கு மேல் காக்கிச் சட்டை மாட்டிய ஒரு பெண்பிள்ளை கையில் இரும்பு லீவரோடு நிற்பாள். கடைக்காரர் எங்கே என்று மட்டும் அவளிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் எல்லாம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

மாரியாயி அவள் பெயர். வயது நாற்பத்தொன்று. பெயரென்னவோ மாரியாயிதான், ஆனால் ஐந்து வயதுக் குழந்தையிலிருந்து அறுபது வயது டிரைவர் வரைக்கும் அந்த ரோட்டில் எல்லோருக்கும் அவள் பஞ்சர் அக்கா. புருஷன் கதிர்வேல் நாக்பூர் லைனில் லாரி ஓட்டுகிறவன்; மாதத்தில் நாலு நாள் வீட்டில் தங்கினால் அதிகம். கடையை வைத்தது அவன்தான். வேலைக்கு இருந்த ஆள் ஒரு தீபாவளிக்கு ஊருக்குப் போனவன் போனவன்தான். ஒரு வாரம் கடை பூட்டிக் கிடந்ததைப் பார்த்த மாரியாயி, எட்டாம் நாள் தானே திறந்து உட்கார்ந்துவிட்டாள். முதல் லாரி டயரைக் கழற்ற ஒரு முழுப் பகல் ஆனதாம். டிரைவர் மரத்தடியில் இரண்டு தூக்கம் போட்டு எழுந்தாராம். அது பதினேழு வருஷத்துக்கு முந்தின கதை. இன்றைக்கு அதே டயரைக் கழற்றி, டியூபைத் தொட்டித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற ஓட்டையைக் கட்டைவிரலால் அடைத்து, ஒட்டுப் போட்டு, மாட்டி முடிக்கிற வரைக்கும் டிரைவருடைய டீ ஆறியிருக்காது. பதினேழு வருஷமாகக் குமிழி அவளுக்கு எதிரி. தண்ணீரில் குமிழியைக் கண்டால் மனசு நினைப்பதற்கு முன்னால் கட்டைவிரல் போய் அடைத்துவிடும்.

இவ்வளவு தைரியசாலிக்கு ஒரே ஒரு பயம் உண்டு. தண்ணீர். தொட்டித் தண்ணீர் இல்லை, ஆள் முழுகுகிற தண்ணீர். கிணற்றங்கரைக்குப் போனால் இரண்டு முழம் தள்ளித்தான் நிற்பாள். ஒரே மகள் நித்யஸ்ரீயைக் கிணற்றுப் பக்கமே விட்டதில்லை. மகள் ஏன் என்று கேட்டபோதெல்லாம் அவள் சொன்ன பதில் ஒன்றுதான்: உள்ளே விழுந்தால் நான் மேலே நின்று கத்தத்தானே முடியும், கத்தினால் தண்ணீர் விட்டுவிடுமா?

இந்தப் பயத்துக்கு வேட்டு வைத்தது ஒரு தாள்.

ஏழாம் வகுப்பு முடித்த நித்யஸ்ரீ, விடுமுறை விட்ட அன்றைக்கு அந்தத் தாளைக் கொண்டுவந்தாள். மண்ணுக்கும் தண்ணிக்கும் கெடுதல் செய்யாமல் பிள்ளைகள் கோடையில் என்னென்ன செய்யலாம் என்று பள்ளிக்கூடத்தில் அச்சடித்துக் கொடுத்த பட்டியல். ஏதாவது ஒன்றைச் செய்து வந்தால் போதும் என்றுதான் டீச்சர் சொன்னார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஒன்றோடு நிற்குமா? அந்தத் தெருவில் பத்திலிருந்து பதினைந்து வயதுக்குள் பதினோரு பெண்பிள்ளைகள். எல்லாம் சேர்ந்து பட்டியலை மேலேயிருந்து கீழே வரை ஒரு கை பார்ப்பது என்று புங்கமரத்தடியில் முடிவு செய்தன.

முதலில் நாற்று விடுதல். நாமக்கல்லில் முட்டை அட்டைக்கா பஞ்சம்? பழைய அட்டைகளில் மண் நிரப்பி, கத்திரியும் தக்காளியும் ஊன்றி, வேளைக்கு வேளை தண்ணீர் தெளித்தார்கள். இரண்டு இலை விட்ட அன்றைக்கு ஒரு வெள்ளாடு வந்து நாற்றையும் தின்று அட்டையையும் தின்றுவிட்டுப் போனது. அடுத்தது பறவைகளுக்குத் தண்ணீர். பாதியாக அறுத்த டயரில் தண்ணீர் வைத்தால், காக்கைகள் கோழிக்கடையிலிருந்து குடலைத் தூக்கி வந்து அதிலே ஊறப்போட்டன. ஒரு நாள் கரண்ட் இல்லாமல் இருப்பது என்று கத்திரி வெயிலில் உச்சிப்பொழுதுக்கு ஃபேனை நிறுத்தினார்கள். பெற்றவர்கள் துடைப்பத்தோடு வந்தார்கள். புகை விடாத பயணம் என்று மோகனூர் காவிரிக்கரைக்குச் சைக்கிளில் போனார்கள். போனது பதினோரு சைக்கிள், முள் குத்தித் தள்ளிக்கொண்டு வந்தது எட்டு. எட்டுக்கும் மாரியாயிதான் ஒட்டுப் போட்டாள், முணுமுணுத்துக்கொண்டே.

பட்டியலில் கடைசி வரி இது: பக்கத்தில் உள்ள நீர்நிலையைச் சுத்தம் செய்து, பெரியவர் துணையோடு அதில் நீந்தி விளையாடலாம்.

அந்த வரியைச் சத்தமாகப் படித்தவள் மோனிஷா. குமாரபாளையத்துப் பெண், வயது பதினைந்து, லீவுக்கு அத்தை வீட்டுக்கு வந்திருந்தாள். வீட்டில் விசைத்தறி, வாசலுக்கு நாலு எட்டில் காவிரி. நடக்கப் பழகும்போதே நீந்தப் பழகியவள். பதினோரு பேரில் ஒருத்திக்குக்கூட நீச்சல் தெரியாது என்று கேட்டபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! சோறு தின்னத் தெரியாது என்று யாரோ சொன்ன மாதிரி விழித்தாள். பையன்களுக்கெல்லாம் தெரியுமே என்றாள். பையன்களுக்குத் தெரியும்தான். வேலி தாண்டிக் குதித்துக் கற்றுக்கொண்டார்கள். பெண்பிள்ளைகளை யார் வேலி தாண்ட விட்டார்கள்?

கடைக்கு எதிரே இருக்கிற தோட்டம் வெங்கடாசலத்துடையது. வாழையும் கரும்பும் வைத்திருக்கும் பெரிய தோட்டக்காரர், அறுபத்திரண்டு வயது, கோபக்காரர் என்று பேர். குழந்தைகள் அவரைத் தோட்டத்து அப்பாரு என்பார்கள். தாத்தாவுக்கு இந்தப் பக்கம் அதுதான் சொல். அவர் கிணறு ஒரு சின்ன வீடு இறங்கும் அளவுக்குச் சதுரமானது. ஓரத்தில் கல்படி. இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் நாற்பது அடி இருக்கும். சுற்றிக் கம்பி வேலி, கேட், பூட்டு. பையன்கள் வேலி ஏறிக் குதிக்கிற சத்தம் கேட்டால் குச்சியோடு ஓடி வருவார்.

சுத்தம் செய்கிறோம் என்று பெண்பிள்ளைகள் போய்க் கேட்டபோது மனிதர் மறுக்கவில்லை. கோழிப்பண்ணையில் தூக்கிப் போட்ட வலையைக் கயிற்றில் கட்டி, கரையில் நின்றபடியே நாலு நாள் அரித்தார்கள். தண்ணீர் பாட்டில், கப்பு, தெர்மாகோல், எங்கிருந்தோ வந்த பூமாலை, ஒற்றைச் செருப்பு என்று ஆறு சாக்கு குப்பை ஏறியது; நித்யஸ்ரீக்கு மட்டும் வேலிக்கு வெளியே சாக்கு பிடிக்கத்தான் அம்மாவிடம் உத்தரவு. ஐந்தாம் நாள் எட்டிப் பார்த்தால் தண்ணீர் பளிங்காய்க் கிடந்தது, கீழே நாலாவது படிவரைக்கும் தெரிந்தது. பதினோரு பேரும் கைதட்டிக் குதித்தார்கள். வெங்கடாசலமும் பார்த்தார், நல்லாத்தான் செய்திருக்கிறீர்கள் என்றார், கேட்டைச் சாத்திப் பூட்டைப் போட்டார்.

இறங்கக் கூடாதா அப்பாரு என்று மோனிஷா கேட்டாள். அவர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"நீச்சல் தெரிஞ்ச பெரிய பொம்பளை ஒருத்தி தண்ணிக்குள்ள நிக்கோணும். என்ற கண்ணு முன்னால இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் டியூபு, கவுறு எதுவும் இல்லாம நீந்திக் காட்டோணும். அப்படி ஆளிருந்தா கூட்டியாங்க, தொறக்கறேன். இல்லீன்னா சாவியக் கேட்டு இந்தப் பக்கம் வராதீங்க சாமி."

சரி என்று ஆள் தேடப் புறப்பட்டார்கள். தேடாத வீடில்லை. சத்துணவு அக்காவுக்குத் தெரியாது. கோழிப்பண்ணை சூப்பர்வைசர் பெண்டாட்டிக்குத் தெரியாது. காலையும் மாலையும் கிணற்றில் தண்ணீர் எடுத்து வளர்ந்த பெண்களுக்கும் தெரியாது. ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவருக்குத் தெரியும் என்று கேள்விப்பட்டு ஓடினால், அவர் சேலத்தில் ஃபேர்லேண்ட்ஸ் பக்கம் மகள் வீட்டோடு போய்விட்டார், முழங்காலில் ஆபரேஷன் வேறு. ஊரில் ஒரு பெரிய பொம்பளைக்குக்கூட நீச்சல் தெரியவில்லை! கேட்டால் எல்லோரும் ஒரே மாதிரி சிரித்துக்கொண்டு, எங்களுக்கு எதுக்குச் சாமி அதெல்லாம் என்றார்கள்.

பதினோரு பேரும் மோனிஷாவும் புங்கமரத்தடியில் வந்து உட்கார்ந்தார்கள். இரண்டு மணி நேரம் ஒரு பேச்சில்லை. இவர்கள் கத்திக் கும்மாளம் போட்டால் தலைவலி என்பவள் மாரியாயி. சத்தமே இல்லாமல் உட்கார்ந்திருந்ததை அவளால் தாங்க முடியவில்லை. டியூபை உரசிக்கொண்டிருந்த கை தானாக நின்றது. பள்ளிக்கூடம் திறக்க இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, ஒரு மாதமும் இப்படியே உட்கார்ந்திருக்கப் போகிறதுகளா? தன் மகளும் நாளைக்கு நாற்பத்தொரு வயதில் எனக்கு எதுக்குச் சாமி என்று சிரித்துக்கொண்டு நிற்பாளா? அந்த நினைப்பு அவளுக்குச் சுருக்கென்று குத்தியது.

"ஏம்புள்ள மோனிஷா, நீச்சல் எத்தன நாள்ல கத்துக்கலாம்?"

"பத்து நாள் போதுமுங்க அக்கா."

அது மோனிஷா வாய்க்கு வந்த கணக்கு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அந்த நேரம் மரத்தடியில் எழுந்த கூச்சலைக் கேட்டு ரோட்டில் போன கரும்பு லாரி ஒன்று டயர் வெடித்துவிட்டதோ என்று பிரேக் போட்டு நின்றது.

வெங்கடாசலத்திடம் போய் மாரியாயியே பேசினாள். பத்து நாள் விடிந்ததும் ஒரு மணி நேரம், மோனிஷாவும் நானும் மட்டும், பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை நீந்திக் காட்டுகிறேன், காட்ட முடியாவிட்டால் இனி இந்தக் கேட்டைத் தொட மாட்டோம் என்றாள். அவர் யோசித்தார். பழகுகிற நாளெல்லாம் இடுப்பில் கயிறு கட்டித்தான் இறங்க வேண்டும், கயிற்றின் மறுமுனையை நான்தான் பிடிப்பேன், மோட்டார் ஃபியூஸைப் பிடுங்கிச் சட்டைப் பையில் போட்ட பிறகுதான் யாரும் கால் நனைக்க வேண்டும் என்று மூன்று சட்டம் போட்டார். குறை கண்டுபிடிப்பதற்கென்றே கூட உட்காருகிறார் இந்த மனிதர் என்று மாரியாயி மனதுக்குள் திட்டிக்கொண்டே தலையாட்டினாள்.

நாக்பூரிலிருந்து போனில் கேட்ட கதிர்வேல் ஐந்து நிமிஷம் சிரித்தான். கடைசியில், டியூபை மட்டும் விட்டுவிடாதே என்றான்.

டியூபுக்கா குறைச்சல்? லாரியெல்லாம் டியூப் இல்லாத டயருக்கு மாறிக்கொண்டிருக்கிறது. எந்த வண்டிக்கும் ஆகாமல் ஒட்டுமேல் ஒட்டு வாங்கிய டியூப் இருபதுக்குமேல் கடைக்குப் பின்னால் கிடந்தது. ஒவ்வொன்றையும் காற்றடித்துத் தொட்டியில் அமுக்கிப் பார்த்து, காற்றடிக்கிற பித்தளைக் குழாய் உடம்பில் கீறாமல் அதன்மேல் துணி சுற்றிக் கட்டினாள். குப்பைக்குப் போயிருக்க வேண்டிய ரப்பர், பதினோரு பிள்ளைகளுக்கு மிதவை ஆனது. பட்டியலில் இதற்கும் ஒரு வரி இருக்கிறது என்று நித்யஸ்ரீ தாளைக் காட்டினாள்.

முதல் நாள் மாரியாயி ஐந்தாம் படியில் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று நடுங்கினதோடு சரி. கத்திரி வெயில் காலத்தில் நடுங்கிய ஒரே ஆள் அவளாகத்தான் இருக்கும். இரண்டாம் நாள் டியூபுக்குள் நுழைந்து மிதந்தாள். மூன்றாம் நாள் டியூபைப் பிடித்துக்கொண்டு கால் அடித்தாள். பதினேழு வருஷம் லாரி டயரை மிதித்த கால். அடித்த அடியில் தண்ணீர் கரைமேல் உட்கார்ந்திருந்த வெங்கடாசலத்தின் வேட்டி வரைக்கும் போனது. வேலிக்கு வெளியே நின்று பார்த்த பதினோரு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவள் சிரிப்பும் அதில் சேர்ந்துகொண்டது. அன்றைக்குக் கடைக்கு வந்த டிரைவர்களிடமெல்லாம் அவளே வலியப் போய்ச் சொன்னாள், நான் கால் அடிக்கப் பழகிவிட்டேன் என்று.

வம்பு நாலாம் நாள்தான் வந்தது. தலையைத் தண்ணீருக்குள் வைத்து நீந்த வேண்டும், அப்போது மூச்சைத் தண்ணீருக்குள்ளேயே புடுபுடுவென்று விட வேண்டும், தலையைத் தூக்கியதும் புது மூச்சு இழுக்க வேண்டும் என்றாள் மோனிஷா. மாரியாயி தலையை உள்ளே வைத்தாள். கன்னம் இரண்டும் உப்பியது, கழுத்து நரம்பு புடைத்தது, ஒரு குமிழி வரவில்லை. தலையைத் தூக்கிய நொடியில் பழைய மூச்சை விடவும் புது மூச்சை இழுக்கவும் நேரம் போதாமல் தண்ணீரைக் குடித்துப் புரையேறினாள். மறுபடியும் அதே கதை. ஐந்தாம் நாளும் அதேதான். ஆறாம் நாளும் அதேதான். கயிற்றைப் பிடித்திருந்த வெங்கடாசலம் போதும் மேலே வா என்று உறுமினார். கண்ணெல்லாம் சிவந்து, மூக்கு எரிந்து, அழுகையை அடக்கிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள் மாரியாயி. இன்னும் நாலே நாள் இருந்தது.

மோனிஷா பக்கத்தில் உட்கார்ந்து, ஏன் அக்கா காற்றை விட மாட்டேன் என்கிறீர்கள் என்று கேட்டாள். மாரியாயி சொன்ன பதிலைத்தான் அந்தத் தெரு இன்றைக்கும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறது.

"தண்ணிக்குள்ள கொமிழி வந்தா பஞ்சர்ன்னு அர்த்தம் புள்ள. காத்துப் போனா டியூப் முழுகும். காத்த விட்டா நான் எப்படி மெதக்கறது?"

மோனிஷா சிரிக்கவில்லை. பதினைந்து வயதுப் பெண்ணுக்கு எங்கிருந்துதான் அந்தப் பொறுமை வந்ததோ. அவள் திருப்பிக் கேட்டாள்: டயரில் காற்று ரொம்ப ஏறிவிட்டால் என்ன செய்வீர்கள்? கொஞ்சம் இறக்குவேன் என்றாள் மாரியாயி, இறக்காவிட்டால் துள்ளும், ரோட்டில் நிற்காது. அதேதான் அக்கா என்றாள் மோனிஷா. நீங்கள் பஞ்சர் ஆகவில்லை, ஓவர் காற்றோடு ஓடுகிறீர்கள். பழையதை இறக்கினால்தான் புதுசு ஏறும்.

மாரியாயி தன் கன்னத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். பிறகு யாரும் சொல்லாமலே எழுந்து, தலையை உள்ளே அமுக்கி, முதல் முறையாகக் காற்றை விட்டாள். வெள்ளை வெள்ளையாய்க் குமிழி கிளம்பிக் காதோரம் கிச்சுக்கிச்சு மூட்டிக்கொண்டு மேலே போனது. தலையைத் தூக்கினாள். மூச்சு வந்தது! ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகவில்லை. விட்டாள், இழுத்தாள், விட்டாள், இழுத்தாள். சந்தோஷம் தாங்க முடியாமல் கிணற்றுக்குள்ளிருந்து அவள் போட்ட சத்தத்தில் தென்னையிலிருந்த கிளிக்கூட்டம் பறந்தது.

ஏழாம் நாள் பத்தடி. எட்டாம் நாள் இருபதடி. ஒன்பதாம் நாள் கயிறு கட்டியபடி நாற்பதடியும் போய் எதிர்க்கரையைத் தொட்டாள். ஆனால் கயிறு இருக்கிற தைரியம் வேறு, இல்லாத தைரியம் வேறு. அது அவளுக்கும் தெரியும், கயிறு பிடித்தவருக்கும் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பதினோரு பேரும் தண்ணீர் கெடக் கூடாதென்று தலைக்கு எண்ணெய் வைக்காமல், ஆளுக்கொரு டியூபைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஆறு மணிக்கெல்லாம் வேலியோரம் வந்து நின்றார்கள். நித்யஸ்ரீ ராத்திரி தூங்கவில்லை என்பது அவள் கண்ணைப் பார்த்தாலே தெரிந்தது. அம்மாவின் கையை ஒரு முறை அழுத்திவிட்டு வேலியோரம் போனாள். பழைய சுடிதாரை இழுத்துக் கட்டிக்கொண்டு மாரியாயி படி இறங்கினாள். மோனிஷா எதிர்க்கரையில் சுவர்க் கல்லைப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் மிதந்தாள். இடுப்பில் கயிறில்லை. அன்றைக்கு வெங்கடாசலம் உட்காரவில்லை. கயிற்றைச் சுருட்டிக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றார்.

மாரியாயி மனதுக்குள் மாரியம்மனைக் கூப்பிட்டுவிட்டுக் கல்லை உந்தினாள்.

முதல் பத்தடி நன்றாகப் போனாள். கை விழுந்தது, கால் அடித்தது, காற்று போனது, வந்தது. பதினைந்தடி. இருபது. நடுக்கிணறு வந்தது. அடியில் பார்த்தாள், படியில்லை, கல்லில்லை, கரும்பச்சையாய் ஆழம் மட்டும் இருந்தது. பயம் பிடித்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கண்ணுக்கு முன்னால் அவளுடைய குமிழி கிளம்பியது. பதினேழு வருஷத்துப் பழக்கம் விடுமா? நீந்த வேண்டிய வலதுகை நீந்துவதை விட்டுவிட்டு நேரே வாய்க்குப் போய்க் கட்டைவிரலால் குமிழியை அடைத்தது.

ஒரு கையால் யார் நீந்த முடியும்? ஆள் சாய்ந்தாள். தலை உள்ளே போனது. கரையில் வெங்கடாசலம் கயிற்றை வீசத் தூக்கினார். மோனிஷா பாய்வதற்குக் காலைக் கல்லில் ஊன்றினாள். கயிற்றைத் தொட்டாலும் தோற்றாள், மோனிஷா தொட்டாலும் தோற்றாள்.

"அம்மா, அடைக்காத! காத்த விடு!"

நித்யஸ்ரீ கத்தினாள். அடுத்த நொடி பதினோரு பேரும் வேலிக்கம்பியைப் பிடித்துக்கொண்டு, விடு, விடு என்று ஒரே குரலில் கத்தினார்கள். தண்ணீருக்குள் அது எப்படிக் கேட்டதோ, என்னவாய்க் கேட்டதோ. மாரியாயி விரலை எடுத்தாள். உள்ளே அடைத்து வைத்திருந்த அத்தனை காற்றும் புஸ்ஸென்று வெளியே போனது. தலை மேலே வந்தது. மூச்சு இழுத்தாள். கை விழுந்தது. கால் அடித்தது. தண்ணீர் அப்போது அவளைத் தூக்கிப் பிடித்தது என்று பிறகு சொன்னாள். முப்பது, முப்பத்தைந்து, கை கல்லில் பட்டது.

கத்தல் என்றால் அதுதான் கத்தல். பதினோரு பேரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். மோனிஷா அழுதாள். மாரியாயி கல்லைப் பிடித்துக்கொண்டு பத்து மூச்சு வாங்கினாள். பிறகு செய்தாள் பாருங்கள் ஒரு காரியம்! யாரும் கேட்காமலே திரும்பி, வந்த வழியே நீந்தி இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தாள்.

வெங்கடாசலம் கயிற்றோடே நடந்தார். கேட்டைத் திறந்துவிட்டார். அவ்வளவுதான், அணை உடைந்த மாதிரி பிள்ளைகள் உள்ளே பாய்ந்தார்கள். ஒவ்வொருத்தியாக, டியூபைப் போட்டுக்கொண்டு, படி வழியாகத்தான் என்று தண்ணீரில் நின்றபடியே மாரியாயி அதட்டினாள். கடைசியாக நித்யஸ்ரீ வந்தாள். கீழ்ப்படியில் ஒரு கணம் நின்று அம்மாவைப் பார்த்தாள். அம்மா இரண்டு கையையும் விரித்தாள். மகள் குதித்தாள். தண்ணீருக்குள் அவளைப் பிடித்தபோது மாரியாயிக்கு வந்த அழுகையை யாரும் கவனிக்கவில்லை, எல்லோர் முகமும் ஈரம்தானே.

அரைமணி கழித்து, மோனிஷாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு மாரியாயி மேலே ஏறி வந்தாள். வெங்கடாசலம் பழையபடி கரையில் வந்து நின்றிருந்தார். கயிற்றை இன்னும் விடவில்லை. இரண்டு உள்ளங்கையும் கயிறு அழுத்திக் கன்றிப்போயிருந்தது.

"என்னங்ணா ஆச்சு?"

அவர் தண்ணீரையே பார்த்துக்கொண்டு, ரொம்பத் தணிந்த குரலில் சொன்னார்.

"நீ முழுகுனப்ப நான் இந்தக் கவுத்த வீசத்தான முடியும் புள்ள? குதிக்க முடியாது. எனக்கு நீச்சல் தெரியாது."

கிணற்றுக்காரருக்கு நீச்சல் தெரியாதா? ஏழு வயதில் அவருடைய அப்பா இதே கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டித் தூக்கிப் போட்டாராம். நீச்சல் சொல்லிக் கொடுப்பது என்றால் அந்தக் காலத்தில் அப்படித்தான். கயிறு கட்டியது அவருக்கு நினைவில்லை, தண்ணீர் மூடியது மட்டும்தான் நினைவிருக்கிறது. அன்றைக்கு ஏறியவர்தான், ஐம்பத்தைந்து வருஷமாகக் கால் நனைக்கவில்லை. பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாது என்றார். பையன்கள் குதிக்கிறபோதெல்லாம் குச்சியோடு ஓடி வந்தது கோபத்தில் இல்லை. எவனாவது முழுகினால் என்ன செய்வோம் என்ற திகிலில்.

இந்த ரகசியத்தை அவர் காதோடு காதாகத்தான் சொன்னார். ஆனால் கிணற்றங்கரையில் ரகசியம் பேசுகிற மடத்தனம் உண்டா? கரையில் கிசுகிசுத்தால் கிணறு அதை நாலு சுவரிலும் அடித்துப் பெரிசாக்கிக் கீழே இருப்பவர்களுக்குச் சொல்லிவிடும். கும்மாளம் சட்டென்று நின்றது. டியூபுகளுக்குள்ளிருந்து பதினோரு தலைகளும் மோனிஷாவின் தலையும் மேலே அண்ணாந்து பார்த்தன. வெங்கடாசலத்தின் முகம் சிவந்துபோனது. ஒருத்தி சிரித்திருந்தாலும் மனிதர் அன்றோடு கேட்டைப் பூட்டியிருப்பார்.

யாரும் சிரிக்கவில்லை. நித்யஸ்ரீ மட்டும் தன் டியூபிலிருந்து வெளியே வந்து, ஒரு கையால் படியைப் பிடித்துக்கொண்டு, மறுகையால் டியூபை மேலே தூக்கிக் காட்டினாள்.

"எறங்குங்க அப்பாரு. எங்கம்மா உள்ள நிப்பாங்க."

மாரியாயி உடனே படியிறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் போய் நின்றாள்.

வெங்கடாசலம் ரோட்டைத் திரும்பிப் பார்த்தார். யாரும் வரவில்லை. கயிற்றைக் கீழே போட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றினார்.